அணங்கு தொடுத்த வழக்கு

கதையென்றால் நல்லவள் தலைவி, பொல்லாதவள் அவளுக்கு இடையூறு என்பது நம் மேடையிலும் திரையிலும் நெடுங்காலமாக நிலவிவந்த ஏற்பாடு. அவ்வேற்பாடு இன்று தலைகீழாகியுள்ளது. பேயும் மாயமும் இருளும் சூழ்ந்த காதற்கதைகளிலே பழிவாங்க வந்தவளே தலைவியாக நிற்கிறாள். காண்போரும் படிப்போரும், அவருள்ளும் சிறப்பாக இளம்பெண்கள், அவள் பக்கமே சாய்கின்றனர்.

இது ஒரு நாட்டுச் செய்தியன்று. ஜப்பானிலே கிளைத்துக் கொரியாவிலே பெருகிய ஒருவகைத் தொடர்கதைகளில், ஒருத்தி தான் படித்த கதையிலுள்ள பொல்லாத பெண்ணாகவே மறுபிறவி எடுக்கிறாள். முடிவில் தனக்குத் தண்டனை காத்திருப்பதை முன்னரே அறிந்து, தன் விதியைத் தானே மாற்ற முனைகிறாள். அமெரிக்கரான கிரெகரி மகுவயர், பழைய சிறுவர் கதையொன்றில் சூனியக்காரியாக வந்தவளின் பக்கத்தை எடுத்து 1995-இல் 'விக்கெட்' என்னும் புதினத்தை எழுதினார். அது 2003-இல் இசைநாடகமாகவும் 2024-இல் திரைப்படமாகவும் உலகெங்கும் பரவியது. நமக்கு அண்மையிலே, மலையாளத்தில் 2025-இல் வெளிவந்த 'லோகா' என்னும் படம், பெயர் கேட்டாலே பிள்ளைகள் நடுங்கிய நீலியையே தலைவியாக்கிப் பெருவெற்றி கண்டது.

சிராங்கூன் வட்டாரத்துத் தமிழ் இல்லங்களிலும் இத்தகைய கதைகளைக் கைப்பேசியிலே விழித்திருந்து காணும் பிள்ளைகள் உளர். 'கொலைகாரிக்கு ஏன் கண்ணீர் விடுகிறாய்?' என்று கேட்கும் பெரியோரும் உளர். இரு சாராருக்கும் இடையே நிற்பவர் தமிழாசிரியர். 'இவை தீய கதைகள். விலக்குக' என்று சொல்லிவிடுவது எளிது. ஆயின், இக்கதைகளின் ஈர்ப்பு யாது, அஃது எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்த பின்னரே தீர்ப்புக் கூறுவது முறை. ஆராயப் புகுந்தால், இஃது அயலாரிடமிருந்து நேற்று வந்திறங்கிய சரக்கன்று என்பது விளங்கும். பொல்லாதவளைத் தலைவியாக வைத்துக் காப்பியமே செய்த மொழி நம் மொழி.

அச்சமும் அழகும்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தபோது அச்சத்தையும் உவகையையும் வேறுவேறாகவே வைத்தார். அச்சம் பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் முதலாவதாக அவர் எண்ணியது அணங்கு. ஈண்டு அணங்கு என்பது வருத்துகின்ற தெய்வத்தையும் பேய் முதலியவற்றையும் குறிக்கும். இனித் திருக்குறளுக்கு வருவோம். காமத்துப்பாலின் முதல் அதிகாரமாகிய நூற்றொன்பதாம் அதிகாரத்தின் பெயர் தகையணங்குறுத்தல். அங்கே அணங்காக நின்று தலைவனை வருத்துவது தலைவியின் அழகு.

ஒரே சொல், ஓரிடத்தில் அஞ்சத்தக்க தெய்வம். மற்றோரிடத்தில் காதலிக்கத்தக்க பெண். நடுங்க வைப்பதும் நெஞ்சை இழுப்பதும் ஒன்றாக இருக்கக்கூடும் என்பதை நம் முன்னோர் அறிந்தே அச்சொல்லை இருபொருள்பட ஆண்டனர். இருள்சூழ்ந்த காதற்கதை என்று இன்று தனிவகையாகப் பேசப்படுவதன் வித்து இவ்வொரு சொல்லிலே அடங்கியிருக்கிறது எனலாம்.

ஆயினும் அச்சமும் அழகும் கலந்த சுவை மட்டுமே இவ்வீர்ப்புக்குக் காரணம் என்றால், அழகிய புலியைப் பார்த்தும் நாம் இவ்வாறே உருக வேண்டும். புலிக்கு நாம் அஞ்சுகிறோம். அதன் அழகையும் வியக்கிறோம். ஆனால் அதற்காக வழக்காடுவதில்லை. பொல்லாத தலைவிக்காக வழக்காடுகிறோம். காரணம், அவளிடம் ஒரு வழக்கு இருக்கிறது. அதனை விளங்கிக்கொள்ளப் பழையனூர் நீலியின் கதையினும் சிறந்த சான்று வேறில்லை.

நீலியும் எழுபதின்மரும்

திருவாலங்காட்டை அடுத்துள்ளது பழையனூர். கி.பி. ஏழாம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தின் தொடக்கத்திலேயே வஞ்சம் செய்து உயிர்கொண்ட ஒருத்தியைக் குறிக்கிறார். ஆதலின் அவர் காலத்துக்கு முன்பே அக்கதை நாடறிந்ததாக இருந்தது என்பது தெளிவு. கதை பல வடிவங்களில் வழங்குகிறது. அதன் பொதுவான போக்கு இது.

முற்பிறவியில் ஒருவன், தனக்கு முன்பே மனைவி இருப்பதை மறைத்து, ஒரு பெண்ணை மணக்கிறான். ஊர் திரும்பும் வழியில், ஆலங்காட்டுப் புதரிலே அவளைக் கொன்றுவிட்டுப் போகிறான். அவள் நீலியென்னும் பேயாகிறாள். அவன் மறுபிறவியில் காஞ்சிபுரத்து வணிகனாகப் பிறக்கிறான். பேயால் அவனுக்கு ஊறு உண்டு என்று அறிந்தோர் அவன் கையில் ஒரு வாளைத் தந்து, அதனை ஒருபோதும் பிரியாதே என்று எச்சரிக்கின்றனர். வாணிகத்தின் பொருட்டு அவன் பழையனூர் வருகிறான். நீலி அவன் மனைவியின் வடிவம் கொள்கிறாள். கள்ளிக் கொம்பொன்றை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பிலே ஏந்துகிறாள். ஊர் மன்றத்திலே கூடியிருந்த வேளாளர் எழுபதின்மர் முன் சென்று, 'என் கணவர் என்னைக் கைவிட்டார்' என்று முறையிடுகிறாள். வணிகன் அஞ்சி அலறுகிறான். இவள் பெண்ணல்லள், பேய் என்கிறான். குழந்தையோ அவனை நோக்கித் தாவுகிறது. சான்றோர் பெண்ணின் சொல்லையே நம்புகின்றனர். 'உனக்குத் தீங்கு நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருவோம்' என்று வாக்களித்து, அவன் வாளை வாங்கி வைத்துவிட்டு, அவ்விரவில் இருவரையும் ஒரே இடத்தில் தங்கச் செய்கின்றனர். விடியும்போது வணிகன் பிணமாகக் கிடக்கிறான். எழுபதின்மரும் தாம் தந்த வாக்கின்படி தீப்பாய்ந்து உயிர் துறக்கின்றனர்.

இக்கதையைச் சொன்னவர் வேளாளரின் வாய்மை தவறாமையைப் போற்றவே சொன்னார் என்பது உண்மை. 'நீலிக் கண்ணீர்' என்ற மொழியும் பொய்யழுகைக்கு வழங்கலாயிற்று. ஆயினும், கேட்பவர் நெஞ்சிலே எழும் வினா வேறு. மன்றத்திலே நீலி சொன்னது பொய், குழந்தையும் பொய். ஆனால் அவளுக்கு இழைக்கப்பட்டது மெய். இந்தக் கணவன் என்னைக் கைவிட்டான் என்று அவள் கூறியது, இப்பிறவியைப் பற்றியதாயின் பொய். முற்பிறவியைப் பற்றியதாயின் உண்மையினும் குறைவான உண்மை. அவன் கைவிட்டதோடு நில்லாமல் கொன்றும் போட்டான்.

அவள் உயிரோடு, நல்லவளாக இருந்தபோது அவளுக்காகக் கூடிய மன்றம் ஒன்றும் இல்லை. காட்டிலே கொலையுண்டவளின் ஓலத்தைக் கேட்டவர் எவரும் இல்லை. அவள் பேயான பின்னரே, பொய்யுருவம் தரித்த பின்னரே, எழுபது பெரியவர்கள் அமர்ந்து அவள் முறையீட்டைக் கேட்டனர். பொல்லாத தலைவியின் ஈர்ப்பு இவ்விடத்திலேதான் இருக்கிறது. அவள் தீமையில் நமக்குக் காதல் இல்லை. நல்லவளாக இருந்தபோது எவரும் கேளாத வழக்கை, அஞ்சத்தக்கவளான பின்னரேனும் கேட்க வைத்தாளே என்பதில் ஒரு மனநிறைவு. வீட்டிலும் வகுப்பிலும் 'பேசாதே, பொறு' என்று கேட்டு வளர்ந்த ஒரு பெண்ணுக்கு அம்மனநிறைவு எத்துணைப் பெரியதாக இருக்கும் என்று சொல்ல வேண்டுவதில்லை.

சிலம்பும் கள்ளிக்கொம்பும்

இதனைக் கண்ணகியின் கதையோடு அடுத்து வைத்துப் பார்ப்பது பயன் தரும். கண்ணகி கற்பின் தெய்வம், நீலியோ பேய். ஒருத்தியை வணங்குகிறோம், மற்றவளின் பெயரை வசையாகச் சொல்கிறோம். ஆயினும் இருவர் கதைக்கும் அமைப்பு ஒன்றே. இருவரும் தமியராய் ஓர் அவைமுன் செல்கின்றனர். இருவரும் கையிலே ஒரு சான்று ஏந்திச் செல்கின்றனர். கண்ணகி கொணர்ந்தது சிலம்பு. அதை உடைத்தால் உள்ளிருக்கும் பரலே உண்மை பேசும். நீலி கொணர்ந்தது கள்ளிக்கொம்பு. உடைத்தால் பால்தான் வடியும். ஒன்று மெய்ச்சான்று, மற்றொன்று பொய்ச்சான்று. ஆனால் இரண்டு வழக்கிலும் தீர்ப்புச் சொன்னவர் தம் உயிரையே விலையாகத் தந்தனர். பாண்டியன் அரியணையிலிருந்து வீழ்ந்தான். பழையனூர் வேளாளர் தீயிலே பாய்ந்தனர்.

ஆகவே, தமிழ்க் கதைமரபு பெண்ணின் முறையீட்டை வெறும் அழுகையாகக் கருதவில்லை. அதை வழக்காகவே வைத்தது. அதனைச் செம்மையாகக் கேளாத அவை அழியும் என்றும் காட்டியது. மதுரையிலே அரசன் வழக்கை விசாரியாமலே தீர்ப்பளித்தான். பழையனூரிலே சான்றோர் விசாரித்தனர். எனினும் இன்று நடப்பதை மட்டும் கேட்டனர். அதன் முன்கதையைக் கேட்கவில்லை. வணிகன் ஏன் அஞ்சுகிறான் என்றோ, அவள் ஏன் இவனையே தேடி வந்தாள் என்றோ எழுபதின்மருள் ஒருவரும் வினவியதாகக் கதை சொல்லவில்லை. பாதி வழக்குக் கேட்டதன் பயனாக முழு உயிரையும் தந்தனர்.

இன்றைய இருட்காதற்கதைகள் செய்வது, விடுபட்ட அந்த முன்கதையை முதலில் எடுத்துச் சொல்வதே. பொல்லாதவள் எவ்வாறு பொல்லாதவள் ஆனாள் என்பதே அவற்றின் கதைப்பொருள்.

காதலித்தவனைத் தள்ளியவள்

நீலியின் கதையிலே காதல் தொடங்குமுன்பே கொலை வந்துவிட்டது. காதலும் கொலையும் ஒருங்கே நிற்பதைக் காண வேண்டுமாயின் குண்டலகேசியைப் பார்க்க வேண்டும். நாதகுத்தனார் இயற்றிய இப்பௌத்த காப்பியத்தில் இன்று கிடைப்பவை பத்தொன்பது செய்யுட்களே. கதையை நாம் அறிவது நீலகேசி உரையின் வாயிலாகவும் பாலிமொழிப் பௌத்த நூல்களின் வாயிலாகவுமே ஆகும்.

செல்வக்குடியிற் பிறந்த பத்திரை, கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்லப்படும் காளன் என்னும் கள்வனை மாடத்திலிருந்து கண்டு காதல் கொள்கிறாள். தந்தை அரும்பாடுபட்டு அவனை மீட்டு மணம் முடிக்கிறார். ஒருநாள் ஊடலிலே அவள், 'நீ கள்வன் அன்றோ' என்று விளையாட்டாகச் சொல்லிவிடுகிறாள். அவன் அச்சொல்லை மனத்தில் வைத்து, அவளைக் கொன்று நகைகளைக் கவர எண்ணி, மலையுச்சிக்கு அழைத்துச் செல்கிறான். தன் முடிவை அறிந்த அவள், இறக்குமுன் உம்மை மும்முறை வலம்வந்து வணங்க வேண்டும் என்று வேண்டுகிறாள். வலம்வரும்போதே பின்னின்று அவனைத் தள்ளிவிடுகிறாள்.

இக்கதையைத் தழுவி மு. கருணாநிதி எழுத, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-இல் எடுத்த படம் 'மந்திரிகுமாரி'. மலையுச்சிக் காட்சியில் மாதுரி தேவி எஸ். ஏ. நடராசனைத் தள்ளிவிட்டதைத் திரையரங்கிலே கண்ட மக்கள் அதைக் கொலையென்று வெறுக்கவில்லை. கணவனைத் தெய்வமாகத் தொழும் வணக்கமே கணவனை வீழ்த்தும் வழியாயிற்று என்ற முரணில் அக்காட்சியின் ஆற்றல் இருக்கிறது.

இன்றைய இருட்காதற்கதைகளைப் பற்றிப் பெரியோர் கொள்ளும் கவலையில் ஒரு பகுதிக்குக் குண்டலகேசியிலேயே மறுமொழி உண்டு. கொடியவனைக் காதலித்தால் அவன் காதலால் திருந்துவான் என்பது அவ்வகைக் கதைகள் பலவற்றின் ஆசைகாட்டல். பத்திரையும் அவ்வாறே எண்ணினாள். காப்பியம் அவளை மலையுச்சிக்குக் கொண்டுபோய் அவ்வெண்ணத்தின் முடிவைக் காட்டிற்று. அதோடு விடவுமில்லை. கணவனைக் கொன்றவள் வீடு திரும்பி இனிது வாழ்ந்தாள் என்று கதை முடியவில்லை. அவள் துறவு பூண்டாள். சமய வாதங்களிலே பலரை வென்றாள். இறுதியில் சாரிபுத்தரிடம் தோற்றுப் பௌத்தத் துறவியானாள். தள்ளிய கையை அவள் வாழ்நாள் முழுவதும் சுமக்க வேண்டியிருந்தது.

இரு பொல்லாதவர் சந்தித்தபோது

குண்டலகேசிக்கு மறுப்பாக எழுந்த சமண காப்பியம் நீலகேசி. அதன் ஆசிரியர் பெயர் தெரியவில்லை. சமயதிவாகர வாமன முனிவர் உரையோடு அ. சக்கரவர்த்தி நயினார் அதனை 1936-இல் பதிப்பித்தார். இக்காப்பியத்தின் தலைவி யார்? நாம் மேலே கண்ட பழையனூர் நீலியே.

பாஞ்சால நாட்டிலே ஒரு காளிகோயிலில் உயிர்ப்பலியைத் தடுத்த முனிச்சந்திரர் என்னும் சமண முனிவரைக் கெடுக்கும்பொருட்டு, தெற்கேயிருந்து நீலி வரவழைக்கப்படுகிறாள். அஞ்சுவித்துப் பார்க்கிறாள், முனிவர் அசையவில்லை. பேரழகியின் வடிவம் கொண்டு மயக்கப் பார்க்கிறாள், அப்போதும் அசையவில்லை. தோற்ற நீலி அவரிடமே அறங்கேட்டுக் கொல்லாமை விரதம் பூணுகிறாள். அதன்பின் நாடெங்கும் சென்று, ஒவ்வொரு சமயத் தலைவரையும் வாதத்துக்கு அழைக்கிறாள். அவள் முதலிலே எதிர்கொள்வது குண்டலகேசியை!

உலக இலக்கியத்தில் இதற்கு இணையைக் காண்பது அரிது. கணவனைத் தள்ளிக் கொன்றவளும், கணவனைக் கிழித்துக் கொன்றவளும், ஒரு நகரத்து அவையிலே எதிரெதிர் நின்று, உயிர் உண்டா இல்லையா, பொருள்கள் நிலையுடையனவா நிலையில்லாதனவா என்று தருக்கம் செய்கின்றனர். சமயப் பூசலுக்காக எழுதப்பட்ட நூலே ஆயினும், அதிலே ஒரு பேருண்மை தற்செயலாக வெளிப்படுகிறது. முன்பு பழையனூர் மன்றத்திலே பொய்யழுகையால் வென்ற நீலி, இப்போது காரணங்காட்டி வெல்கிறாள். அவளது சினம் அடக்கப்படவில்லை, மொழியாக மாற்றப்பட்டிருக்கிறது. பல்லும் நகமும் செய்த வேலையை இப்போது சொல் செய்கிறது. பேய்க்குக் கல்வி கற்பித்து வாதியாக்கிய இக்காப்பியம், தமிழாசிரியர் எவரும் ஊன்றிக் கருதத்தக்கது.

ஆணி

நீலி பழையனூரோடு நின்றாளில்லை. தென்பாண்டி நாட்டிலும் குமரிநாட்டிலும் அவள் கதை இயக்கி, அதாவது இசக்கி வழிபாட்டோடு இணைந்து வில்லுப்பாட்டாக வழங்குகிறது. நாகர்கோவிலை அடுத்த கள்ளியங்காட்டின் பெயரால் மலையாளத்தார் அவளைக் கள்ளியங்காட்டு நீலி என்பர். கொட்டாரத்தில் சங்குண்ணி தொகுத்த 'ஐதீகமாலை'யிலே, கடமற்றத்துக் கத்தனார் என்னும் மந்திரவாதப் பாதிரியார் ஒரு யட்சியின் தலையிலே இரும்பாணி அறைந்த கதை வருகிறது. ஆணி இறங்கியதும் அவள் அடக்கமான மானிடப் பெண்ணாகி ஒரு வீட்டிலே வேலை செய்கிறாள். பின்னொருநாள் அவள் தலையை வாரிய மூதாட்டி, ஆணியைக் கண்டு இரங்கிப் பிடுங்கிவிட, பழைய உருவம் மீள்கிறது. அந்த யட்சியே நீலி என்று பிற்காலத்தார் வழங்குவர். 'லோகா' படத்தின் இயக்குநர் டொமினிக் அருண் எடுத்துக்கொண்டதும் இந்நீலியையே. கல்யாணி பிரியதர்சன் நடித்த சந்திரா என்னும் பெண்ணாக அவள் இக்காலப் பெங்களூரிலே வாழ்கிறாள்.

இனி வியப்பு யாதெனில், அதே ஆணி சிங்கப்பூரிலும் இருக்கிறது. மகப்பேற்றிலே இறந்த பெண் பொந்தியானாக் என்னும் பேயாவாள் என்பதும், அவள் பிடரியிலே ஆணி அறைந்தால் அழகும் அடக்கமும் உடைய மனைவியாவாள் என்பதும், ஆணியை எடுத்தால் மீண்டும் பேயாவாள் என்பதும் மலாய் மக்களின் பழங்கதை. கடல் கடந்த இரு மொழியினர் ஒரே கருத்தை ஒரே பொருளால் சொல்லியிருக்கின்றனர். அடங்கிய மனைவிக்கும் அடங்காத பேய்க்கும் இடையே உள்ள வேறுபாடு ஓர் இரும்பாணி!

சிங்கப்பூர்க் கேத்தே கிரிஸ் நிறுவனம் 1957-இல் எடுத்த 'பொந்தியானாக்' என்னும் மலாய்ப் படத்தை இயக்கியவர், இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ். தலைவியாக நடித்தவர் மரியா மெனாடோ. அவ்வாண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் கேத்தே அரங்கிலே திரையிடப்பெற்று, வாரக்கணக்கிலே ஓடிப் பெரும்புகழ் ஈட்டியது. அதன் வெற்றியால் அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் தொடர்ச்சிப் படங்கள் வந்தன. முதற்படத்திலே கூனும் குறையுமாக இருந்த ஒரு பெண் மருந்தின் வலியால் அழகியாகி மணம் புரிகிறாள். குருதியைச் சுவைத்தலாகாது என்பது அவளுக்கு விதி. கணவனைப் பாம்பு தீண்ட, அவனைக் காக்கும்பொருட்டு வாயால் நஞ்சை உறிஞ்சுகிறாள். குருதி நாவிற்பட்டு அவள் பொந்தியானாக் ஆகிறாள். பிறவித் தீமையன்று, கணவன்மேல் வைத்த அன்பே அவளைப் பேயாக்கிற்று என்று கதை அமைத்த நுட்பம் கருதத்தக்கது. அறுபது ஆண்டுகளுக்குப் பின், 2019-இல், கிளென் கோய், கேவின் யாப் இருவரும் இயக்கிய 'பொந்தியானாக்கின் பழி' என்னும் பொருள்படும் படம், 1965-ஆம் ஆண்டு மலாய்ச் சிற்றூரொன்றிலே நிகழ்வதாக, காதலனால் வஞ்சிக்கப்பட்டுக் கொலையுண்டவள் அவன் திருமணத்தின்போது திரும்பி வருவதைக் காட்டிற்று. நீலியின் வழக்கும் இதுவே அன்றோ?

அஞ்சத்தக்கவளே காவல்

சிராங்கூன் சாலையிலே நடப்பவர் வீரமாகாளியம்மன் கோயிலைக் கடவாமல் போவதில்லை. சுண்ணாம்புக் காளவாய்கள் நிறைந்திருந்த வட்டாரமாதலின் முற்காலத்தில் அதனைச் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றே மக்கள் அழைத்தனர். கடல் கடந்து வந்த தொழிலாளர் தமக்குத் துணையாகத் தேர்ந்தது மண்டையோட்டு மாலை அணிந்த காளியை. இரண்டாம் உலகப்போரில் குண்டு வீழ்ந்த நாட்களில் மக்கள் அடைக்கலம் புகுந்த இடங்களுள் அக்கோயிலும் ஒன்று.

சிங்கப்பூர், மலேசியத் தமிழரிடையே பெரியாச்சி வழிபாடும் பெருவழக்கு. காலின்கீழ் ஒரு கொடிய அரசன். மடிமேல் வயிறு கிழிக்கப்பட்ட அரசி. உயர்த்திய கையிலே ஒரு குழந்தை. இவ்வளவு கொடிய உருவத்தின் முன்னேதான் குழந்தை பெற்ற தாய் ஒரு திங்கள் கழிந்ததும் பூசை செய்து, பிள்ளையைக் காக்குமாறு வேண்டுகிறாள். குழந்தைபெற்றவளுக்கு மென்மையான தெய்வம் போதவில்லை. அவள் பொருட்டு அரசனையும் மிதிக்க வல்லவள் வேண்டியிருக்கிறது. பொந்தியானாக்குக்கு அஞ்சும் ஊரிலே பெரியாச்சியைத் தொழுகின்றனர் என்பது முரண்போலத் தோன்றும். உண்மையில் அவை ஒரே அச்சத்தின் இருமுகங்கள். துணையின்றி இறந்த தாய் பேய். துணையாக நிற்கும் பேய் தாய்.

ஆதலின், அஞ்சத்தக்க பெண்ணிடம் அன்புகொள்ளுதல் இன்றைய இளையோர் புதிதாகக் கற்ற கேடு என்று நாம் சொல்வதற்கில்லை. அவர்தம் பாட்டியர் வழிபாட்டிலே செய்ததைப் பேத்தியர் கதையிலே செய்கின்றனர்.

விலை சொல்லாத கதைகள்

இதனால் இக்கதைகள் யாவும் நல்லன என்று தீர்ப்பளித்தோமல்லேம். பழங்கதைகளுக்கும் இன்றைய மலிவான கதைகளுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. பழங்கதை பழிவாங்கலின் விலையை மறைக்கவில்லை. நீலி தன் கொலைகாரனைக் கொன்றாள். உடன் மாண்டோர் குற்றமற்ற எழுபதின்மர். அவர்கள் தீப்பாய்ந்த இடம் பழையனூரிலே இன்றும் காட்டப்படுகிறது. நீலியின் வழக்கு நியாயமானது. ஆயினும் அத்தீக்குழியைக் காணாமல் அவளைப் புகழ்வது நியாயமன்று.

கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய 'பொன்னியின் செல்வ'னில் நந்தினியைப் படைத்தவிதம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வீரபாண்டியன் உயிருக்காக அவள் மன்றாடினாள். ஆதித்த கரிகாலன் கேட்டானில்லை. கேளாத அந்த ஒரு நொடியிலிருந்தே அவள் சூழ்ச்சி அனைத்தும் பிறக்கின்றன. அவளை நாம் வெறுக்க முடியாதபடி கல்கி எழுதினார். அதே வேளையில், அவளை நம்பி உள்ளம் உடைந்த பெரிய பழுவேட்டரையரையும் நம் கண்முன் நிறுத்தினார். அவள் வழக்கையும் கேட்கிறோம். அவளால் அழிந்தவரின் வழக்கையும் கேட்கிறோம். 2022-இலும் 2023-இலும் மணிரத்தினத்தின் திரைப்படமாக அக்கதை வந்தபோது புதிய தலைமுறை நந்தினியைப் பற்றியே மிகுதியும் பேசியதில் வியப்பில்லை.

மலிவான கதை இதற்கு மாறானது. அங்கே தலைவியால் அழிபவர் எவரும் முகமற்றவர். அவர்க்கு வழக்கே இல்லை. தலைவன் இழைக்கும் கொடுமையும் காதலின் ஆழம் என்று பெயர் சூட்டப்பெறும். மலையுச்சி வராமலே காளன் திருந்திவிடுவான். இத்தகைய கதை பெண்ணின் முறையீட்டைக் கேட்பதுபோல் தொடங்கி, அவளைக் கொடியவன் கையிலேயே திரும்ப ஒப்படைக்கிறது. அதுவும் ஓர் ஆணியே. பூமாலையாற் சுற்றிய ஆணி.

வகுப்பறை மன்றம்

ஆசிரியர் செய்யத்தக்கது யாது? மாணவி ஒருத்தி தான் கண்ட தொடரிலுள்ள பொல்லாத தலைவியைப் புகழ்ந்து பேசும்போது, முதலில் அவளைப் பேசவிடுதல் வேண்டும். 'அவளுக்கு என்ன தீங்கு நேர்ந்தது? அப்போது அதை யாரிடம் சொன்னாள்? கேட்டவர் யார்?' என்ற வினாக்களுக்கு மாணவி தரும் விடையிலே கதையைப் பற்றியும் அவளைப் பற்றியும் நாம் அறிவன பல இருக்கும். வகுப்பிலே வாய்திறவாத பிள்ளை, நீலிக்காகப் பேச வாய்திறக்கக்கூடும். அதற்குப் பின்னரே, 'அவள் பழிவாங்கியபோது வேறு யார் அழிந்தார்? அவர் பக்கத்தைக் கதை சொல்லிற்றா?' என்ற அடுத்த வினாவை எழுப்புதல் வேண்டும். வரிசை மாறலாகாது. முன்னதைக் கேளாமல் பின்னதை மட்டும் கேட்பவர், மதுரையிலே ஆராயாது ஆணையிட்ட அரசனைப் போல்வர். முன்னதோடு நின்றுவிடுபவர் பழையனூர் எழுபதின்மரைப் போல்வர்.

நீலியின் கதையையே வகுப்பறையில் வழக்காக நடத்தலாம். ஒருவர் நீலியாகவும் ஒருவர் வணிகனாகவும் நிற்க, மற்றையோர் மன்றத்தாராக அமர்ந்து குறுக்கு வினாக்கள் கேட்கட்டும். எழுபதின்மர் கேளாது விட்ட வினாக்களைப் பதினான்கு வயதுப் பிள்ளைகள் கேட்கட்டும். தீர்ப்பு எதுவாயினும், தமிழிலே காரணங்காட்டிப் பேசும் பயிற்சி அவர்க்கு வாய்க்கும். நீலகேசி ஆசிரியர் பேய்க்கு அளித்த பேறு அதுவே. அதனை நம் பெண்பிள்ளைகளுக்கு, அவர்கள் பேயாக வேண்டிய தேவை நேருமுன்பே அளிப்பது நம் கடமை.